திக்குவாயை ஆராய்ந்த மாணவர்கள்

எண்ணத்தைச் சொல்லாக வெளியிட வேண்டுமாயின் மூச்சும், குரல்வளையும், நாவும், உதடும் ஒரு நொடியில் ஒன்றுபட்டுத் தொழிற்படுதல் வேண்டும். அவ்வொற்றுமை தடைபடும்போது சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அல்லது முதல் எழுத்தே பலமுறை ஒலிக்கிறது. இதனையே திக்குவாய் என்பர். நெடுங்காலம் ஏளனத்துக்கு உரியதாய் இருந்த இக்குறையை முறையான பல்கலைக் கழக ஆராய்ச்சியாக வளர்த்த இடங்களுள் தலைசிறந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள அயோவாப் பல்கலைக் கழகம். அங்கு அவ்வாராய்ச்சியில் பெரும்பங்கு கொண்டோர் மாணவர்களே. அவர்களுள் சிலர் தாமே திக்குவாயர் என்பது கருதத்தக்கது. அவர்கள் ஈட்டிய வெற்றியையும், அதே இடத்தில் நேர்ந்த ஒரு பெருந்தவற்றையும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

ஒலியை அளந்த பேராசிரியர்

சுவீடனில் 1866ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் கார்ல் சீஷோர். யேல் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்ற இவர், 1897இல் அயோவாவுக்கு உளநூல் ஆசிரியராக வந்தார். செவியின் கூர்மையை அளக்கும் கருவியும், பாடுவோர் குரலின் சுருதியைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் கருவியும் இவருடைய சோதனைக்கூடத்தில் உருவாயின. இசைவாணர் குரலில் எழும் அசைவு நொடிக்கு ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு முறை நிகழ்வதை இவரும் இவருடைய மாணவர்களும் அளந்து காட்டினர். அம்மாணவர்களுள் ஒருவரான மில்டன் மெட்பெசல், நாட்டுப் பாடல்களின் ஒலியலைகளைப் படச்சுருளில் பதிவு செய்து ஆராய்ந்து, 1928இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

பாடும் குரலை அளக்க முடியுமாயின், தடைபடும் பேச்சையும் அளக்க முடியுமன்றோ? இவ்வெண்ணத்தோடு, பேச்சுக் குறைகளை ஆராய்வதற்கென்றே சீஷோர் பயிற்றுவித்த மாணவர் லீ எட்வர்ட் டிராவிஸ். 1924இல் டாக்டர் பட்டம் பெற்ற டிராவிஸ், பின்னர் அப்பல்கலைக் கழகத்தின் பேச்சு மருத்துவ நிலையத்துக்குத் தலைவரானார்.

கட்டப்பட்ட வலக்கை

மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மற்றதன்மேல் போதிய ஆட்சி பெறாமையே திக்குவாய்க்குக் காரணம் என்று டிராவிஸ் கருதினார். இடக்கை வழக்கமுள்ள குழந்தையை வலக்கையால் எழுதுமாறு கட்டாயப்படுத்துவதால் இக்குழப்பம் மிகும் என்பதும் அவர் கருத்து. தாடையின் இருபுறத் தசைகளிலும் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை அவர் பதிவு செய்து, திக்கும்போது அவை ஒத்தியங்கவில்லை என 1934இல் எழுதினார்.

இக்கொள்கையைச் சோதிக்கத் தம் உடலையே அளித்தவர்கள் மாணவர்கள். கான்சாஸ் மாநிலத்தில் 1906இல் பிறந்த வெண்டல் ஜான்சன் கடுமையாகத் திக்கியவர். இங்கு நடைபெற்ற ஆராய்ச்சியை அறிந்தே 1926இல் அயோவாவை நாடி வந்தார். இடக்கைப் பழக்கம் வலுப்பெறுமாறு அவருடைய வலக்கை சாந்துக் கட்டில் வைக்கப்பட்டது. எதிர்பார்த்த பயன் விளையவில்லை. ஆயினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. தம் அனுபவத்தையே முதுகலைப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியாக்கி, 1930இல் நூலாகவும் வெளியிட்டார். அவரைப் போன்றே திக்குவாயராய் வந்த சார்லஸ் வான் ரைப்பர், டாக்டர் பட்டம் பெற்றபின் 1936இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பேச்சு மருத்துவ நிலையத்தை நிறுவினார். திக்கலை அடியோடு ஒழிக்க முயன்று அஞ்சுவதைவிட, அச்சமின்றி எளிதாகத் திக்கிப் பேசப் பழகுவதே நலம் என்பது அவர் காட்டிய வழி. அவ்வழி இன்றும் பேச்சு மருத்துவர்களுக்குத் துணைபுரிகிறது.

அநாதை இல்லத்தில் ஒரு சோதனை

மூளைக் கொள்கையில் மனநிறைவு பெறாத ஜான்சன் வேறொரு கருத்துக்கு வந்தார். எல்லாக் குழந்தைகளும் பேசக் கற்கும்போது இடையிடையே தடுமாறுவது இயல்பு. பெற்றோர் அதனைக் குறை என்று பெயரிட்டுத் திருத்த முனைவதாலேயே அது திக்குவாயாக முற்றுகிறது என்று அவர் எண்ணினார்.

இதனை ஆராயும் பொறுப்பு, அவரிடம் முதுகலை பயின்ற மேரி டியூடர் என்னும் மாணவியிடம் சேர்ந்தது. 1939ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை, டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரிடம் அச்சோதனை நடைபெற்றது. அவர்களுள் குறையின்றிப் பேசிய ஆறு பிள்ளைகளிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டதென்று சொல்லப்பட்டது. சரியாகப் பேச இயலாதபோது பேசாதிருப்பதே நல்லது என்றும் அறிவுறுத்தப்பட்டது. அது சோதனை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. நாளடைவில் அவர்கள் வாய்திறக்கக் கூசினர். கேட்ட கேள்விக்கு ஓரிரு சொல்லோடு நிறுத்திக் கொண்டனர். டியூடர் பின்னர் மீண்டும் அங்குச் சென்று அத்தீங்கைப் போக்க முயன்றார். ஆயினும் முழுப்பயன் கிட்டவில்லை.

அவ்வாய்வேடு எந்த ஆராய்ச்சி இதழிலும் வெளிவராமல் பல்கலைக் கழக நூலகத்தில் தங்கிவிட்டது. 1965இல் ஜான்சன் மறைந்தார். அப்பல்கலைக் கழகத்தின் பேச்சு, செவி ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2001இல் கலிபோர்னியாவின் செய்தித்தாள் ஒன்று இச்சோதனையை வெளிப்படுத்தவே, பல்கலைக் கழகம் மன்னிப்புக் கோரியது. அதுவரை, தம் மீது நடந்தது இன்னதென்று அறியாமலே அப்பிள்ளைகள் முதுமை எய்தியிருந்தனர். பாதிக்கப்பட்டோரும், இறந்தோர் சார்பினரும் தொடுத்த வழக்கில், 2007இல் அயோவா மாநிலம் 925,000 டாலர் வழங்க இசைந்தது.

பிற்கால முடிவு

2002இல் நிக்கோலின் ஆம்ப்ரோஸ், எகூத் யாயிரி என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அவ்வாய்வேட்டின் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தனர். அப்பிள்ளைகள் திக்குவாயர் ஆனார்கள் என்பதற்கு அதில் சான்றில்லை என அவர்கள் கண்டனர். எனவே அப்பிள்ளைகள் இழந்த மனத்துணிவு, ஜான்சனின் கொள்கையை நிலைநாட்டவும் உதவவில்லை. திக்குவாயில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பதும், அதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் சில 2010இல் கண்டறியப்பட்டன என்பதும் இன்று தெளிந்த செய்திகள். திக்கத் தொடங்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் தாமே தேறிவிடுகின்றனர் என்பதும் பெற்றோருக்கு ஆறுதல் தருவதாகும்.

டிராவிஸின் கொள்கையும் ஜான்சனின் கொள்கையும் அவர்கள் கூறிய வடிவில் நிலைபெறவில்லை. இருவர் சோதனைகளும் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. எனினும் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. சாந்துக் கட்டை ஏற்ற மாணவர் அதன் நோக்கத்தை அறிந்து, தம் விருப்பத்தோடு கையை நீட்டினார். வேண்டாமென்று மறுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. அநாதை இல்லத்துக் குழந்தைக்கு அந்த அறிவும் இல்லை; அதன் சார்பில் மறுத்துரைக்கத் தாய் தந்தையும் அருகில் இல்லை. அமெரிக்காவில் 1974இல் இயற்றப்பட்ட தேசிய ஆராய்ச்சிச் சட்டம், அரசாங்க உதவியோடு மனிதரிடம் நடத்தும் சோதனைகளை முன்னரே ஆராய்ந்து அனுமதிக்கும் குழுக்களுக்கு வழிசெய்தது. ஒரு குழந்தையின் குரலைப் பதிவு செய்ய விரும்பும் மாணவரும் இன்று அத்தகைய குழுவின் முன் தம் நோக்கத்தை எழுதி வைத்து, பெற்றோரின் இசைவைப் பெற்ற பின்னரே கருவியைத் தொடுகிறார்.