புதுமாணவரும் நூல்நிலையமும்

கல்வியின் பயன் கற்றவற்றை நினைவிற் கொள்வது மட்டுமன்று. கல்லாதவற்றைத் தாமே தேடிக் கண்டறியும் ஆற்றலைப் பெறுவதுமாகும். பாடசாலையில் ஆசிரியர் தரும் குறிப்புகளையே துணையாகக் கொண்டு பயின்ற மாணவர், பல்கலைக்கழகத்திற் புகுந்ததும் பல்லாயிரம் நூல்களின் நடுவே திகைத்து நிற்கின்றனர். அவ்வேளை அவர்க்கு வழிகாட்டுதல் யார் கடமை? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டு உரோச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய ஓட்டிஸ் ஹால் ரொபின்சன், நூலகர் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அவர் சனிக்கிழமைகளில் மாணவரை நூல்களிடையே சந்தித்து, வேண்டியவற்றைத் தேடும் முறையையும் பயன்கொள்ளும் முறையையும் கற்பித்தார்.

தமிழகத்தில் இப்பணியை ஒரு சாத்திரமாகவே வளர்த்தவரும் கணித ஆசிரியரேயாவர். 1892ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்பித்து வந்தபோது, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்றார். அப்பதவியின் தனிமை ஒவ்வாமையால் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். ஆயின், இலண்டன் சென்று நூலகவியல் பயின்று, அந்நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றைக் கண்டபின் அவர் மனம் மாறியது. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும், வாசகரின் காலம் வீணாகலாகாது என்பன போன்ற அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்களைப் பூட்டி வைத்தல் தவறு எனின், அவற்றைத் திறந்து வைத்துவிட்டு வாளாவிருத்தலும் போதாது. ஆதலின், புதிய வாசகரை வரவேற்று, நூலடுக்கின் ஒழுங்கையும் பட்டியலையும் அறிமுகஞ் செய்தலை நூலகரின் பணிகளுள் ஒன்றாக அவர் வகுத்தார்.

மலையகத்தார்க்கு இவ்வரலாறு சிறப்பாகப் பொருந்தும். பேராதனையில் தொடங்கும் பெருவீதி கம்பளையையும் புசல்லாவையையும் கடந்து, இறம்பொடை மலையேறி, நுவரெலியாவை அடைகின்றது. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. வீதியளவில் அது சிறு தொலைவே. ஆயினும் லயத்திற் பிறந்த பிள்ளைகள் அதனைக் கடக்கத் தலைமுறைகள் சென்றன. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்ததே 1970ஆம் ஆண்டுகளிலேயாம். வீட்டில் நூலடுக்கைக் காணாது வளர்ந்த மாணவர், பெரிய நூல்நிலையத்தில் வழி கேட்க நாணுதல் இயல்பு. நாணுபவர் பழைய குறிப்புப் பிரதிகளையே மீண்டும் நாடுவர். வாயில் திறந்திருந்தும் உட்புகாதவராவர். நூலகர் தாமே முன்வந்து பேசும் ஒரு சொல் அத்தகையோரின் கல்வியைக் காக்கவல்லது.

இக்காலத்தில் இணையத்தின் வழியாக எழுத்துகள் பெருந்தொகையாகக் கைக்கெட்டுகின்றன. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேயிலை மலைகளுக்கும் கொணர்கின்றது. ஆயின், கிடைப்பனவெல்லாம் மெய்யாகா. எழுதியவர் யாவர், எக்காலத்தில் எழுதினார், எச்சான்றைக் காட்டினார், பிறர் அதனை ஏற்றனரா என வினவிய பின்னரே ஒன்றைக் கொள்ளல் வேண்டும். இன்று பல்கலைக்கழக நூலகர் புதுமாணவர்க்குக் கற்பிக்கும் தகவல் அறிதிறனின் சாரம் இதுவேயாம்.

இப்பயிற்சி பல்கலைக்கழக வாயிலிலே தொடங்குதல் காலந்தாழ்த்தலாகும். விடையைத் தாமே எழுதிக் கொடாது, வினாவைத் தந்து, மாணவரை நூலடுக்கினிடம் அனுப்பும் பாடசாலை ஆசிரியரே முதல் நூலகராவர். சிறு நூலடுக்கொன்று இருப்பினும் இப்பணிக்குப் போதும்.