கழுத்துக்கு ஒரு விலை

வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம் நினைவுக்கு வருகிறதா? முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நாடக மேடை கொடுத்த வேஷம். சுமார் 800 முதல் 1050 வரை நார்வே, டென்மார்க், ஸ்வீடன், ஐஸ்லாந்து பகுதிகளில் வாழ்ந்த இந்த மக்களில் பெரும்பாலோர் கொள்ளைக்காரர்களும் அல்லர்; நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள்.

அந்தச் சமூகம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதை 'ரீக்ஸ்துலா' என்ற பழைய நார்ஸ் கவிதை கதையாகச் சொல்கிறது. ரீக் என்ற பெயரில் ஒரு தேவன் வழிப்போக்கனாக வந்து மூன்று வீடுகளில் தங்குகிறான். முதல் வீட்டில் உமி கலந்த தடித்த ரொட்டி. கடைசி வீட்டில் மெல்லிய வெள்ளை ரொட்டி, வறுத்த பறவைக் கறி, திராட்சை மது. ஒன்பது மாதம் கழித்து மூன்று வீட்டிலும் பிள்ளை பிறக்கிறது: த்ரால் என்ற அடிமை, கார்ல் என்ற சுதந்திரக் குடியானவன், யார்ல் என்ற பிரபு. த்ராலுக்கு விரல்கள் தடித்து, முதுகு வளைந்திருக்குமாம். உழைத்து வளைந்த முதுகைப் பிறவி வளைவு என்று சொல்லிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? கவிஞர் எந்த வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கார்ல்களுக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது, 'திங்' என்ற சபையில் பேசும் உரிமையும் இருந்தது. ஐஸ்லாந்தில் 930-ஆம் ஆண்டளவில் நாடு முழுமைக்குமான 'அல்திங்' கூடியது. சட்டம் அப்போது எழுத்தில் இல்லை. 'சட்டம் சொல்பவர்' என்ற பதவிக்காரர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் மனப்பாடமாக ஒப்பிப்பார். (நம் சங்கத்து பைலாவை அப்படி ஒப்பிக்கச் சொன்னால் செயலாளர் பதவிக்கு ஆளே கிடைக்காது. 'பைலா'வில் இருக்கும் 'லா' என்ற சொல்லே நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான்.)

இந்தச் சபையைப் பழங்கால ஜனநாயகம் என்று புகழ்வார்கள். ஆனால் சபைக்குப் போனவர்களின் வீட்டில் எருவைச் சுமந்தவனுக்கு, ஆடு மேய்த்தவனுக்கு அங்கே குரல் இல்லை. சுதந்திர மனிதனைக் கொன்றால் உறவினருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். த்ராலைக் கொன்றால் பணம் எஜமானுக்கு. மாடு செத்ததற்குக் கொடுப்பதுபோல.

பிறப்பால் அடிமையானவர்கள் உண்டு, கடனால் ஆனவர்கள் உண்டு. கடல் கடந்து பிடித்து வரப்பட்டவர்களும் ஏராளம். டப்ளின் பெரிய அடிமைச் சந்தையாக இருந்தது. ஐஸ்லாந்தின் லாக்ஸ்தைலா கதையில் ஹோஸ்குல்ட் என்பவர் மூன்று மார்க் வெள்ளி கொடுத்து ஊமைப் பெண் ஒருத்தியை வாங்குகிறார். சில ஆண்டுகள் கழித்து, அவள் தன் சின்ன மகனிடம் பேசிக்கொண்டிருப்பதைத் தற்செயலாகக் கேட்கிறார். அவள் ஊமையே இல்லை. அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள் மெல்கோர்கா. கதை பின்னாளில் எழுதப்பட்டதுதான். ஆனாலும், வாங்கியவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்ற அந்தப் பிடிவாதம் மனத்தை விட்டுப் போவதில்லை.

விடுதலைக்கு வழி இருந்தது. நார்வேயின் பழைய சட்டங்களில் 'விடுதலை விருந்து' என்று ஒரு சடங்கு வருகிறது. விடுதலை பெறுபவன் மூன்று அளவு மால்ட் போட்டு மது காய்ச்ச வேண்டும், ஒரு கிடா வெட்ட வேண்டும். சுதந்திரமாகப் பிறந்த ஒருவர் அதன் தலையை வெட்டுவார். அந்தக் கழுத்தின் மேலிருந்து எஜமான் தன் அடிமையின் 'கழுத்து விலை'யை எடுத்துக்கொள்வார். இத்தனைக்குப் பிறகும் பழைய எஜமானின் பிடி உடனே விடாது. கல்யாணம், தொழில் என்று பலவற்றுக்கும் அவர் சம்மதம் தேவைப்பட்டது.

டென்மார்க்கில் ஹோர்னிங் என்ற இடத்தில் கிடைத்த ரூன் எழுத்துக் கல்லை, விடுதலை பெற்ற ஒருவர் தன் பழைய எஜமானின் நினைவாக நாட்டியிருக்கிறார். தனக்குப் பொன்னும் விடுதலையும் தந்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார். எஜமானின் பெயர் தோர்கிஸ்ல், குட்முண்டின் மகன். கல் நாட்டியவருக்குத் தகப்பன் பெயர் அதில் இல்லை. கொல்லன் தோகி, அவ்வளவுதான்.