ஒரு மண் அடுப்பின் வழக்கு

எங்கள் வீட்டில் பாத்திரங்களுக்கு இரண்டு விதமான நியாயம் இருந்தது. சாவு விழுந்தால் சமையல்கட்டு மண்பானைகளை எடுத்துக் கொல்லையில் போட்டு உடைத்துவிடுவார்கள். ஊறுகாய் ஜாடிக்கு ஒன்றும் ஆகாது. நாலு சொம்பு தண்ணீர் விட்டால் சுத்தம். இரண்டும் மண்தானே என்றேன். ஜாடி பீங்கான் என்றாள் பாட்டி. பீங்கான் மண் இல்லையா என்றதற்கு அவளிடம் பதில் இல்லை. விருத்தாசலத்துச் சூளைகளில் களிமண் பீங்கானாவதைப் பார்த்திருப்பவனுக்கு அந்தப் பதிலில்லாமை உறுத்தத்தான் செய்யும்.

இந்தக் கேள்விக்கு ஆயிரத்தைந்நூறு வயதாகிறது என்பது யூதர்களின் தல்மூதைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் தெரிந்தது. மண்பாத்திரத்துக்குள் அசுத்தமான செத்த பிராணி விழுந்தால் பாத்திரத்தை உடைத்துவிட வேண்டும் என்று மோசேயின் ஆகமம் சொல்கிறது. கழுவிச் சுத்தம் பண்ண வழியில்லை. சரி, மேலே கண்ணாடிபோல் மெருகு ஏறிய மண்பாத்திரம்? மண் என்றால் உறிஞ்சும். மெருகு உறிஞ்ச விடாது. அப்படியானால் அது மண் ஜாதியா, வேறு ஜாதியா? ஆகமத்தில் இதற்கு ஒரு வார்த்தை கிடையாது. தல்மூதில் இருக்கிறது. பஸ்கா பண்டிகையில் புளித்த மாவு பட்ட பாத்திரங்கள் கூடாதல்லவா, அந்த இடத்தில் மெருகுப் பாத்திரங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். பச்சை மெருகு என்றால் சந்தேகமே வேண்டாம், ஆகாது. கறுப்பு, வெள்ளை எப்படி? மெருகில் கீறல் விட்டிருந்தால்? பாட்டிக்கு இந்த ரபிகளைப் பிடித்திருக்கும்.

உரை எதற்கு என்றால் இதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நம்மில் பலர், நான் உட்பட, மூலத்தைப் படி, உரையைத் தூக்கிப் போடு என்று சொல்லி வளர்ந்தவர்கள். பரீட்சை நோட்ஸ்களின் மேல் இருந்த கோபத்தை உரையாசிரியர்கள் எல்லோர் மேலும் காட்டினோம். மூலம் முழுமையானது, உரை அதன்மேல் படியும் தூசு என்று நம்பினோம். யூதர்கள் இதை ஒப்பவில்லை. மோசேக்கு மலையில் கிடைத்தவை இரண்டு என்பது அவர்கள் கட்சி: எழுதிய தோரா ஒன்று, வாய்வழித் தோரா ஒன்று. மோசே யோசுவாவிடம், யோசுவா மூப்பர்களிடம், மூப்பர்கள் தீர்க்கதரிசிகளிடம் என்று இரண்டாவது கைமாறி வந்தது. கோவில் இடிந்து, ஜனங்கள் சிதறி, ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது என்று ஆன பிறகு, கி.பி. 200-ஐ ஒட்டி யூதா என்ற ரபி அதை மிஷ்னா என்று தொகுத்தார். ஆக மிஷ்னாவே ஒரு மூலமாகிவிட்டது. அதன்மேல் பாபிலோனில் முந்நூறு வருஷங்களுக்கும் மேல் நடந்த வாதங்கள் சேர்ந்தது பாபிலோனியத் தல்மூத். உரைக்கு உரை.

நமக்கு இது புதிதில்லை. இறையனார் களவியலின் அறுபது சூத்திரங்களைச் செய்தவர் ஆலவாய்க் கடவுள். ஆனால் கடவுள் உரை செய்யவில்லை. அதைப் புலவர்களிடம் விட்டுவிட்டார். ஆளுக்கொரு உரை எழுதினார்கள். எது மெய்யுரை என்று சொல்ல ஊமைப்பிள்ளை உருத்திரசன்மனை உட்கார வைத்தார்கள். மருதன் இளநாகன் உரைக்கு அங்கங்கே கண்ணீர் விட்டவன், நக்கீரன் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அப்புறம் அந்த உரை நக்கீரனிலிருந்து பத்துத் தலைமுறை வாய்வழியே வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் முடிகிறது. இந்தப் பட்டியலுக்கும் ரபிகளின் பட்டியலுக்கும் உள்ள ஜாடை வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. மற்றப் புலவர்களின் உரைகள் எங்கே? ஒன்றுகூட இல்லை. ஒரு பையனின் கண்ணீர் அவ்வளவையும் கரைத்துவிட்டது. கதைதான், சரித்திரமில்லை என்பீர்கள். ஒரு சமூகம் தன் உரைகளைப் பற்றி எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கிறது என்பதும் சரித்திரந்தான்.

ரபிகள் சொல்லிக்கொண்ட கதை ஒரு மண் அடுப்பைப் பற்றியது. ரொட்டி சுடும் அடுப்பு. அதை வளையம் வளையமாக அறுத்து, நடுவில் மணலை இட்டு மறுபடி அடுக்கியிருக்கிறது. இது உடைந்த பாத்திரம், தீட்டு ஒட்டாது என்றார் ரபி எலியேசர். முழுப் பாத்திரந்தான், ஒட்டும் என்றார்கள் மற்ற எல்லோரும். எலியேசர் எல்லா நியாயமும் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. என் கட்சி சரியென்றால் இந்த மரம் சொல்லட்டும் என்றார். மரம் நூறு முழம் தள்ளிப் போய் நின்றது. மரம் அத்தாட்சியாகாது என்றார்கள். வாய்க்கால் எதிர்த்து ஓடியது. அதுவும் ஆகாது. பாடசாலைச் சுவர்கள் சாய ஆரம்பித்தன. பண்டிதர்கள் வாதாடினால் உங்களுக்கென்ன என்று ரபி யோசுவா சுவர்களை அதட்டினார். அவருக்காக விழாமலும் இவருக்காக நிமிராமலும் சுவர்கள் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. கடைசியில் வானத்திலிருந்தே குரல்: எலியேசர் சொல்வதே சரி. யோசுவா எழுந்து, வேதம் இப்போது வானத்தில் இல்லை என்றார். அதுவும் வேதவாக்கியந்தான், வேதத்தைக் கொண்டே வேதத்தைத் தந்தவனின் வாயை அடைத்தார். மலையில் தந்தாகிவிட்டது, இனிப் பெரும்பான்மைதான் தீர்ப்பு. அந்த வேளையில் கடவுள் என்ன செய்தார் என்று ஒரு ரபி பிற்பாடு எலியாவைக் கேட்டாராம். சிரித்தார், பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்றார் என்று பதில்.

நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத நக்கீரன் ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் திருவிளையாடலில் நக்கீரன் வெந்து பொற்றாமரையில் விழுந்து, பிறகு துதி பாடிக் கரையேறுகிறான். அங்கே தோற்றுச் சிரிக்கிற கடவுள், இங்கே ஜெயித்து மன்னிக்கிற கடவுள்.

மேடைகளில் கதையை இந்தச் சிரிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். தல்மூத் நிறுத்தவில்லை. எலியேசர் சுத்தம் என்று சொன்ன பண்டங்களையெல்லாம் அன்றே கொண்டுவந்து கொளுத்தினார்கள். அவரை விலக்கி வைத்தார்கள். செய்தி சொல்லப் போனவர் அவருடைய சீடர் அக்கிபா. கறுப்பு உடுத்தி, எட்ட உட்கார்ந்து, தோழர்கள் உங்களை விட்டு ஒதுங்கியிருப்பதாகத் தோன்றுகிறது என்று மட்டும் சொன்னார். எலியேசர் செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்ந்து அழுதார். விலக்கிய சபையின் தலைவர் கமாலியேல் எலியேசரின் மனைவிக்கு அண்ணன். அந்த அழுகை பிரார்த்தனையாகி அண்ணனைக் கொன்றுவிடும் என்று பயந்து அவள் கணவனைக் காவல் காத்தாள். ஒரு நாள் தவறியது, கமாலியேல் செத்தார். பெரும்பான்மையின் ஜெயத்தைக் கொண்டாட எழுதிய கதையில் இவ்வளவையும் எதற்கு வைத்தார்கள்? தோற்றவன் கட்சி அழியாமல் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அந்தச் சம்பிரதாயத்தின் அடிப்படை என்று படுகிறது. எலியேசரின் பெயரை அவர்கள் அடிக்கவில்லை. மிஷ்னாவில் நெடுக வருகிறார், பெரும்பாலும் தோற்கிறார்.

அச்சு வந்தபோது இது கண்ணால் பார்க்கக்கூடிய வடிவம் பெற்றது. 1520-லிருந்து 1523-க்குள் வெனிஸில் பாம்பர்க் என்ற கிறிஸ்தவர் முழுத் தல்மூதையும் அச்சிட்டார். பக்கத்தின் நடுவில் மூலம். ஒரு ஓரம் பிரான்ஸின் ராஷி (1040–1105) எழுதிய உரை. மறு ஓரம் அவருடைய பேரன்களும் அவர்கள் மாணவர்களும் எழுதியது. பேரன்கள் அநேக இடங்களில் தாத்தாவை மறுக்கிறார்கள். இன்றுவரை பக்கத்தின் அமைப்பு அதுதான். எதிரிகளுக்கும் இதன் பலம் தெரிந்திருந்தது. 1242-ல் பாரிஸில் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தது தல்மூதைத்தான். மூலவேதம் எரித்தவர்களுக்கும் வேதம். உரை யூதர்களுக்கு மட்டும் சொந்தம்.

நம் பக்கத்தில் இதற்கு ஈடாக ஒன்றைத் தேடி மதுரைக்குப் போக வேண்டியதில்லை. விருத்தாசலம் கோவிலில் இருபத்தெட்டு லிங்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவாகமத்தின் பெயர். முருகன் பூஜித்தவை என்பது ஐதிகம். அவற்றைச் சுற்றி வரலாம், கும்பிடலாம். எதுவும் கேட்க முடியாது. பக்கத்துப் பெண்ணாடத்தில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிற மெய்கண்டார், பதின்மூன்றாம் நூற்றாண்டில், பன்னிரண்டு சூத்திரம், நாற்பதே வரியில் சிவஞானபோதம் செய்தார். கூடவே வார்த்திகமும் உதாரண வெண்பாக்களும் தாமே எழுதி வைத்தார். தம் மூலம் தனியே நிற்காது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டு ஆகமமும் கற்ற சகலாகம பண்டிதர், குடும்பத்தின் குரு, இந்தச் சிறுவனிடம் வந்து ஆணவத்தின் ரூபம் என்ன என்றார். பையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். நிற்கிற நிலைதான் பதில். பண்டிதர் காலில் விழுந்து அருணந்தியானார்; சிவஞான சித்தியார் எழுதினார். முதனூலுக்கு அது வழிநூல். பிறகு அதற்கே உரைகள்.

சித்தியார் சுபக்கத்துக்கு அறுவருரை என்று பழைய பதிப்பு ஒன்று உண்டு. ஆறு பேரில் யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் ஒருவர், 1785-ல் மறைந்த சிவஞான முனிவர் ஒருவர். முன்னவரின் கொள்கையை மறுத்துப் பின்னவர் சிவசமவாதவுரை மறுப்பு என்று தனி நூலே எழுதினார். ‘எடுத்து’ என்ற ஒரு சொல்லுக்காக வைரக்குப்பாயம் என்று இன்னொன்று. அந்தத் தலைப்புகளில் உள்ள ஆங்காரம் நம் சிறுபத்திரிகைச் சண்டைகளுக்கு வராது. ஆனாலும் அறுவருரையில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே பாட்டின் கீழே, அடுத்தடுத்து. பதிப்பித்தவர் நியாயம் பார்க்கவில்லை, அச்சுக்கோத்தார். பாம்பர்க் செய்ததும் அதுவே. உருத்திரசன்மன் கண்ணீரைவிட இந்த அச்சுக்கோப்பு எனக்கு ஒசத்தி. நாம் எதிர்க்கட்சிக் கட்டுரையை மறுக்கும்போது அதில் நாலு வரிக்கு மேல் எடுத்துப் போடுவதில்லை.

எலியேசரின் கடைசி நாளையும் தல்மூத் வைத்திருக்கிறது. சாகக் கிடந்தவரைப் பார்க்க அக்கிபாவும் தோழர்களும் வந்தார்கள். விலக்கு இன்னும் நீங்காததால் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றார். ஒழியவில்லை என்றார்கள். அப்புறம் என்ன பேசுவது? பாத்திரங்களைப் பற்றியும் பண்டங்களைப் பற்றியும் கேட்டார்கள். தோல் பந்து, தாயத்து, முத்துப் பை, இவற்றுக்குத் தீட்டு உண்டா? உண்டு என்றார். செருப்புத் தைக்கிறவன் அச்சில் மாட்டியிருக்கிற, இன்னும் தைத்து முடியாத செருப்பு? சுத்தம் என்றார். அந்தச் சொல்லோடு உயிர் போயிற்று. யோசுவா எழுந்து நின்று விலக்கு நீங்கியது என்று உரக்கச் சொன்னார்.