கதவு திறந்திருந்தது, வந்தவர்கள் யார்?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

பேத்தி பிறந்த சமயம் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். வெளியே ஓயாத மழை. ஒருநாள் மருமகனின் லேப்டாப்பில் ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் எந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவது, எதற்குத் தருவதில்லை என்று ஒரு ஆணையம் பேசிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நோயாளிகளும் தங்கள் கருத்தைச் சொல்லலாம். “இதையெல்லாமா ஊர் பார்க்கப் பேசுவார்கள்?” என்று கேட்டேன். “அதுக்குப் பெரிய கதை இருக்கு அத்தை” என்றார். அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1987-ல் தொடங்குகிறது. அங்கே ஏழைகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் காப்பீட்டுக்கு மெடிகெய்டு என்று பெயர். அந்த வருடம் ஓரிகன் சட்டமன்றம் பெரும்பாலான உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்கு மெடிகெய்டு பணம் தருவதை நிறுத்தியது. சில பேருக்குச் செலவாகும் அந்தப் பணத்தில் ஏராளமான கர்ப்பிணிகளைக் கவனிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் சில மாதங்களிலேயே இரத்தப் புற்றுநோய் வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. ஒரு லட்சம் டாலர் வேண்டும். குடும்பத்தார் ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். தொகை சேர்வதற்குள் டிசம்பரில் பையன் இறந்துவிட்டான். நாடு முழுவதும் அது செய்தியானது.

அப்போது மாநில மேலவைத் தலைவராக இருந்தவர் ஜான் கிட்ஸ்ஹாபர். அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவர். பிற்பாடு ஆளுநரும் ஆனார். யாருக்கு இல்லை என்று எப்படியும் முடிவெடுக்கத்தான் போகிறோம், அதை மறைவில் செய்யாமல் எல்லோரும் பார்க்கச் செய்வோம் என்பது அவர் கட்சி. 1989-ல் சட்டம் வந்தது. பதினொரு பேர் கொண்ட சுகாதாரச் சேவைகள் ஆணையம் அமைந்தது. ஐந்து மருத்துவர்கள், ஒரு பொதுச் சுகாதாரச் செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், பொதுமக்கள் தரப்பில் நான்கு பேர். சிகிச்சைகளை முக்கியத்துவப்படி ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவது அவர்கள் வேலை. கையில் இருக்கும் பணத்துக்கு எந்த எண் வரை தரலாம் என்று சட்டமன்றம் கோடு போடும். இப்படி மிச்சம் பிடித்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தும் காப்பீடு இல்லாதவர்களை உள்ளே கொண்டுவருவது திட்டம்.

வரிசை போடும் முன் ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதன்படி 1990 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் 47 ஊர்க் கூட்டங்கள் நடந்தன. இவற்றை நடத்தித் தந்தது 1980-களின் தொடக்கத்திலிருந்தே ஊர் ஊராக இப்படிப்பட்ட கூட்டங்கள் போட்டுப் பழகிய ஒரு குடிமக்கள் அமைப்பு. கூட்டம் நடத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் நிலைமையை விளக்குவார்கள். பிறகு ஆளுக்கொரு வினாத்தாள்; எந்த மாதிரிச் சிகிச்சை எவ்வளவு முக்கியம் என்று தனியாகக் குறிக்க வேண்டும். அதன்பின் சிறு குழுவாக உட்கார்ந்து, ஏன் அப்படிக் குறித்தேன் என்று பேச வேண்டும். முதலில் தனியாக யோசி, பிறகு சேர்ந்து பேசு. நாம் வகுப்பில் செய்ததுதான்! நோய் வராமல் தடுத்தல், வாழ்க்கைத் தரம், செலவுக்கேற்ற பலன், சமத்துவம் என்று மக்கள் முக்கியமாக நினைத்த 13 விஷயங்கள் இதில் திரண்டன. இது தவிர ஆணையமே தனியாகக் கருத்துக் கேட்புக் கூட்டங்களும் நடத்தியது.

மே மாதம் முதல் பட்டியல் வெளியானது. சுமார் 1,600 வரிகள். பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். கருக்குழாயில் கரு தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து, அறுவை தேவைப்படலாம். அந்த அறுவைக்கும் மேலே பல்லுக்குத் தொப்பி மாட்டும் சிகிச்சை உட்கார்ந்திருந்தது! காரணம் வெறும் வகுத்தல் கணக்கு. தொப்பிக்கு 38 டாலர், அறுவைக்கு 4,000 டாலர். ஒரு தாய்க்கு ஆகும் செலவில் 105 பற்களுக்குத் தொப்பி மாட்டலாம் என்று கணக்கு சொன்னது. பட்டியல் பொதுவில் இருந்ததால் அபத்தம் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆணையம் அதை ஒதுக்கிவிட்டு வேலையை மறுபடி தொடங்கியது. சிகிச்சைகளை 17 வகையாகப் பிரித்தார்கள். உயிர் போகும் நிலையிலிருந்து முழுதாகக் குணமாக்கும் சிகிச்சைகள் முதல் வகை, பிரசவக் கவனிப்பு இரண்டாம் வகை. ஊர்க் கூட்டங்களில் மக்கள் சொன்னதை வைத்து ஆணையத்தார் பல வரிகளைக் கையாலேயே மேலும் கீழும் நகர்த்தினார்கள். 1991 பிப்ரவரியில் 709 வரிகளோடு புதுப் பட்டியல் வந்தது. சட்டமன்றம் 587-ஆம் வரி வரை பணம் ஒதுக்கியது.

இதுவரை படித்துவிட்டு, பேஷ், ஜனநாயகம் என்றால் இதுவல்லவா என்று நானும் நினைத்தேன். பிறகுதான் அந்த 47 கூட்டங்களுக்கு வந்தவர்களின் கணக்கைப் பார்த்தேன். மொத்தம் சுமார் ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவத் துறையிலேயே வேலை செய்பவர்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள். மெடிகெய்டு வாங்குபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. முடிவு யார் தலையில் விழப்போகிறதோ அவர்கள்தான் அங்கே மிகக் குறைவு. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது.

இதே குறை இன்னொரு இடத்திலும் வந்தது. இன்ன குறையோடு வாழ்வது எவ்வளவு மோசம் என்று தொலைபேசியில் 1,001 பேரிடம் கேட்டு மதிப்பெண் போட்டிருந்தார்கள். 1992 ஆகஸ்டில் மத்திய அரசு திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்வை மற்றவர்கள் குறைத்து நினைப்பது பட்டியலில் ஏறிவிட்டது, அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. சக்கர நாற்காலி வாழ்க்கை எப்படி என்று நடப்பவரிடம் கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? ஓரிகன் அந்த மதிப்பெண்ணைக் கைவிட்டது. 1993 மார்ச்சில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 1994 பிப்ரவரி முதல் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனால் பலனும் இருந்தது. 1992-ல் அம்மாநிலத்தில் காப்பீடு இல்லாதவர்கள் 18 சதவீதம்; 1996-ல் அது 11 சதவீதமாகக் குறைந்தது.

இன்று அந்த வேலையைச் செய்வது 2012-ல் வந்த வேறொரு ஆணையம். மருமகன் லேப்டாப்பில் நான் பார்த்தது அதன் கூட்டத்தைத்தான். ஓரிகனில் 1973 முதல் பொதுக்கூட்டச் சட்டம் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் கூடக்கூடாது, நடந்ததைக் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும், மூடிய அறையில் இறுதி முடிவு எடுக்கக்கூடாது என்கிறது அது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தச் சட்டம் மக்களுக்குத் தருவது வந்து உட்கார்ந்து பார்க்கும் உரிமை. பேசும் உரிமையை அது தானாகத் தரவில்லை. பேச நேரம் ஒதுக்குவது அந்தந்த ஆணையத்தின் விதியையும் பழக்கத்தையும் பொறுத்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்த ஒரு வருடம். எட்டாம் வகுப்புக்கு மாலை ஆறு மணி வரை தனி வகுப்பு வைக்கலாமா என்று பெற்றோர் கூட்டம் போட்டேன். வந்தவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று என் கையாலேயே பதிவேட்டில் எழுதினேன். ஒரு மாணவியின் ஊருக்குக் கடைசி மினி பஸ் ஐந்தரைக்கு. மூன்று வாரம் இருட்டில் நடந்து போயிருக்கிறாள். பிறகு பள்ளிக்கே வரவில்லை. வீடு தேடிப் போனேன். அவள் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்பவர். “கூட்டத்துக்கு வந்தா அன்னிக்குக் கூலி போயிடும் டீச்சர். நீங்க நல்லதுக்குத்தான் செய்வீங்கன்னு இருந்துட்டோம்” என்றார். மறுநாளே நேரத்தை மாற்றினேன். இருந்தும் அரையாண்டுத் தேர்வு முடிந்துதான் அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். அந்த ‘ஒருமனதாக’ என்ற சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

ஓரிகன்காரர்களிடம் இருந்து நான் கற்றது இரண்டு. எல்லோர் முன்னாலும் வேலை செய்தால் தப்பு சீக்கிரம் தெரியும், திருத்தலாம். மூடிய அறையில் அந்தப் பட்டியலைப் போட்டிருந்தால் பல்லுக்குத் தொப்பி மேலேயே இருந்திருக்கும். இன்னொன்று, வராதவர்களையும் எண்ண வேண்டும். அவர்கள் ஆயிரம் பேரையும் யார் எவர் என்று எண்ணி வைத்ததால்தான் இத்தனை வருடம் கழித்து அந்தக் குறை எனக்குத் தெரிகிறது. என் பதிவேட்டில் வந்தவர்களின் கையெழுத்து மட்டுமே இருந்தது.

உங்களில் பலர் இன்று செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர். எத்தனையோ கூட்டங்களுக்கு நீங்கள்தான் தலைமை. முடிவை எழுதும் முன் ஒரு தடவை கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். இந்த முடிவு யாரைத் தொடுமோ அவர்கள் வந்திருக்கிறார்களா? வரவில்லையென்றால் அவர்கள் வேலை முடியும் நேரத்துக்கு, அவர்கள் இடத்துக்கு நாம் போக வேண்டும். டீச்சர் தாமதமாகக் கற்ற பாடம் இது. உங்களுக்காவது நேரத்தோடு கிடைக்கட்டும்.

உங்கள் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்