இரண்டு டிஸ்க் இருந்தும் சர்வர் ஏன் எழவில்லை?

சர்வரில் லினக்ஸ் போடுகிறவர்கள் பலரும் ஒரே அளவில் இரண்டு டிஸ்க் மாட்டி, ரெய்டு 1 அமைத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கு. சரிதான். ஆனா போனது முதல் டிஸ்க்காக இருந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் சில சமயம் கறுப்புத் திரைதான் மிஞ்சும். தகவல் பத்திரமாக இருக்கும், மெஷின் எழாது. காரணம் புரிய, கொஞ்சம் பழைய கதை பார்க்கணும்.

ரெய்டு என்ற பெயரைப் பிரபலமாக்கியது, பெர்க்லியில் இருந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடுமே? அதற்கு ஐந்து வழிகளை வகைப்படுத்தினார்கள். முதலாவது, இரட்டைப் பிரதி. அது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. டேண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் கம்ப்யூட்டர்கள் 1970-களிலேயே அதைச் செய்தன.

பிறகு ரெய்டு கார்டுகள் வந்தன. கார்டு இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகக் காட்டிவிடும், அதனால் மெஷின் எழுவதில் சிக்கல் இல்லை. ஆனா கார்டே செத்துப்போனால், அதே வகைக் கார்டைத் தேடி அலையணும். லினக்ஸில் 1990-களின் பின்பாதியில் இந்த வேலை கர்னலுக்குள்ளேயே வந்தது. 2001-ல் நீல் பிரவுன் எம்டிஅட்ம் என்ற கருவியை எழுதினார். கார்டு தேவையில்லாமல் போனது.

சிக்கல் ஆரம்பித்ததும் இங்கேதான். மிரரை உருவாக்குவது கர்னல். அந்தக் கர்னலையே டிஸ்க்கிலிருந்துதான் எடுக்கணும்! பழைய பயாஸ் ஒரு டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதற்கு மிரர் என்றால் என்னவென்றே தெரியாது. இதற்கு லினக்ஸ்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ரெய்டு விவரக் குறிப்பைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்தார்கள். அப்போது பூட்லோடருக்கு அது சாதாரண பார்ட்டிஷனாகவே தெரியும். பின்னால் வந்த கிரப் 2, ரெய்டையே நேராகப் படிக்கக் கற்றுக்கொண்டது.

ஆனாலும் பார்ட்டிஷன்களை மட்டும் மிரர் செய்யும்போது அந்த முதல் 512 பைட் அதற்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக நிறுவணும். இன்றைய யூஇஎஃப்ஐ மெஷின்களிலும் கதை மாறவில்லை. அது படிக்கும் ஃபேட் பார்ட்டிஷனை இரண்டு டிஸ்க்கிலும் வைத்து, இரண்டுக்கும் பூட் பதிவு சேர்க்கணும்.

நான் பரிந்துரைப்பது இதைத்தான்: சர்வரை வேலைக்கு விடும் முன், ஆஃப் செய்து முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பாருங்கள். எழுந்தால், அதைத் திரும்பச் சேர்த்து, நகல் முழுசா முடிந்த பிறகே இரண்டாவதைக் கழற்றிப் பாருங்கள். அவசரப்பட்டால் சோதனையே விபத்தாகிவிடும்.

இன்னொன்று, பேக்கப் தனியாக வேணும். தவறுதலாக அழித்த ஃபைலை மிரர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழித்துவிடும்.