செஞ்சிச் சீமையின் துணியும் ஜப்பானியர் காத்த துண்டும்

செஞ்சி என்றவுடன் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், கோட்டையினுள் 1717-18இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் நம் நினைவில் நிற்கின்றன. அங்கு நடந்த போர்களை நாம் அறிவோம். அச்சீமையின் துணி வரலாற்றையோ மறந்துவிட்டோம்.

1608இல் செஞ்சி நாயக்கர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய ஒல்லாந்தருக்கு அனுமதி அளித்தார். அவர்கள் நாடி வந்தது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் எளிதில் வெளுக்காதவை. படிகாரமும் கடுக்காயும் சிவப்பை நூலோடு பிணைத்தன. பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து நம் மரக்காயர்களும் துணிப்பொதிகளைக் கீழைக்கடல் நாடுகளுக்கு ஏற்றிச் சென்றனர்.

ஒல்லாந்தர் 1609இல் ஜப்பானின் ஹிராடோவில் பண்டகசாலை அமைத்தனர். 1641இல் நாகசாகியின் தேஜிமாவுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் கப்பல்களில் சென்ற இந்திய வண்ணத் துணியை ஜப்பானியர் ‘சரசா’ என்றனர். கோடிட்ட பருத்தித் துணிக்கு ‘சந்தோமே’ என்று பெயர். அது நம் மயிலாப்பூரின் சாந்தோமே!

அருமையாகக் கிடைத்த அத்துணியின் கிழிசலையும் அவர்கள் எறியவில்லை. சிறு துண்டைத் தேநீர்ச் சடங்கின் தேயிலைச் செப்புக்கு உறையாகத் தைத்தனர். அதனினும் சிறியதை ஏட்டில் ஒட்டிக் காத்தனர். ஹிகோனே பிரபுக்களான ஈ குடும்பத்தார் சேர்த்த சுமார் 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. எளிமையிலும் பழமையிலும் அழகு காணும் இச்சுவையை 16ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ. வட ஜப்பானிய உழவர்கள் வறுமையால் ஒட்டின்மேல் ஒட்டிட்டுத் தைத்த ‘போரோ’ உடையும் இன்று உலக ஆடைக் கலைஞர்களுக்கு முன்மாதிரியாகிவிட்டது.

இப்பண்பு நமக்குப் புதிதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். வீண் விரயத்தைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கிறது. பாட்டியின் பழஞ்சேலை பேரனுக்குத் தொட்டிலானதும் நம் வீடுகளில்தான்.

பெருநாளுக்குப் புத்தாடை எடுக்கும் நாம், சென்ற பெருநாளின் ஆடை என்னவாயிற்று என்று கேட்கிறோமா? கிழிந்ததைத் தைப்போம், உடுக்கத் தக்கதைத் துவைத்து மடித்து, தேவையுள்ளோர்க்கு மரியாதையுடன் அளிப்போம். பெட்டகத்தில் மூத்தோரின் துணி ஏதேனும் எஞ்சியிருந்தால், அதன் கதையைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். நம் கரையில் சாயமேறிய துணியைக் கடல் கடந்தவர் காத்தனர். நம் வீட்டுத் துணியையேனும் நாம் காக்க வேண்டாமா?