வெள்ளம் வடிந்த பின் முரசுமோட்டை

இயற்கை அழிக்கிறது, மனிதன் மீளக் கட்டுகிறான் என்பது பேரழிவுகளைப் பற்றி வழமையாகச் சொல்லப்படும் கதை. இக்கதையில் பாதி உண்மையே உண்டு. எவ்வளவு மழை பெய்யும் என்பதை மனிதன் தீர்மானிப்பதில்லை. ஆனால் பெய்த மழை எவருடைய முற்றத்திற் போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதிற் சமுதாயத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 2018 டிசெம்பரில் நீரில் மூழ்கி எழுந்த முரசுமோட்டையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரிவில் அமைந்த வயலூர் இது. மோட்டை என்பது வன்னி வழக்கிற் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். நீர் வந்து தங்கும் நிலம் இது என்பதை ஊர்ப் பெயரே உணர்த்துகிறது. தெற்கே வவுனியாப் பகுதியிலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தில் தேங்குகிறது. குளம் கொள்ளாத நீர் வான் பாய்ந்து, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாக ஓடிச் சுண்டிக்குளம் நீரேரியைச் சேர்கிறது. இரணைமடு நிறைந்தால் வயல் விளையும். நிறைந்து வழிந்தால் அவ்வயலே ஆற்றின் வழியாகும்.

இரணைமடுவுக்கான திட்டத்தை 1885 இல் ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் வகுத்தார். வேலை 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவுற்றது. பின்னர் 1950களிலும் 1970களிலும் அணை உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 21,000 ஏக்கர் நெல்வயலுக்குக் குளம் தாயாயிற்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின் குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. யாழ்ப்பாணத்து நிலமற்ற உழவர் பலர் காடு வெட்டிக் கழனியாக்கினர். 1977 இனக்கலவரத்தில் அடித்து விரட்டப்பட்ட மலையகத் தமிழரும் வன்னிக்கு வந்தனர்.

ஆயின் வந்தோர் அனைவரும் ஒரே நிலையில் நிற்கவில்லை. சிலருக்குக் காணியும் அதற்கான பத்திரமும் கிடைத்தன. மலையகத்திலிருந்து வந்த பலருக்குப் பிறர் வயலிற் கூலிவேலையும் பிறர் காணியில் ஒரு குடிசையுமே கிடைத்தன. அயலூராகிய பன்னங்கண்டியில் இவ்வாறு தனியார் காணிகளில் நெடுங்காலம் வாழ்ந்த மக்கள், தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உரிமை கேட்டு 2017 இல் வீதியோரத்திற் போராட வேண்டியிருந்தது. வெள்ளத்தின் கதையை விளங்கிக்கொள்ள இந்த ஏற்றத்தாழ்வை மனத்திற் கொள்ள வேண்டும்.

2009 சனவரியில் யுத்தம் இவ்வூர்களை வெறுமையாக்கியது. மக்கள் கிழக்கு நோக்கி ஓடி, எஞ்சியோர் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. திரும்பி வந்தோர் கூரையற்ற சுவர்களிடையே வாழ்வைத் தொடங்கினர். இந்திய உதவித் திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் வழங்கப்பட்டது. மீதியைக் கடனும் உடலுழைப்பும் நிரப்பின. காணிப் பத்திரம் இல்லாதோர்க்கு அந்த வீடும் எட்டாக்கனியாயிற்று.

இந்த நிலையிலேதான் வெள்ளம் வந்தது. புனரமைப்பின் போது இரணைமடுவின் கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டிருந்தது. 2018 டிசெம்பர் 7 ஆம் நாள் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை விழா எடுத்துத் திறந்து வைத்தார். இரு வாரம் கழிந்தது. டிசெம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் பெருமழை கொட்டியது. குளம் விரைந்து நிரம்பியது. வான் கதவுகள் திறக்கப்பட்டன. பொழுது விடியுமுன் தாழ்நில ஊர்களுள் நீர் புகுந்தது. மக்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். காலபோக நெல் நீருள் அமிழ்ந்தது.

கதவுகளை முன்னரே படிப்படியாகத் திறந்திருக்கலாமே என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்பாராத பெருமழையே காரணம் என்ற மறுமொழியும் வந்தது. இவ்வழக்கு முரசுமோட்டைக்கு மட்டும் உரியதன்று. 2015 டிசெம்பரிற் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கிய போதும், 2018 ஓகஸ்டில் கேரளத்து அணைகள் ஒருசேரத் திறக்கப்பட்ட போதும் இதே கேள்வியே எழுந்தது. நிறைந்த குளம் ஆள்வோர்க்குப் பெருமை. வெறுமை விட்டுவைத்த குளமோ கீழேயிருப்போர்க்குக் காவல். இவ்விரண்டுக்கும் இடையே எதைத் தெரிவது என்று முடிவு செய்யும் மேசையிற் கீழேயிருப்போர்க்கு இடமுண்டா என்பதே கேள்வி.

வெள்ளத்தின் பின் சேறு அள்ளப்பட்டது, கிணறுகள் இறைக்கப்பட்டன, வீதிகள் செப்பனிடப்பட்டன, மறுபோகம் விதைக்கப்பட்டது. இவ்வுழைப்பைப் போற்றாதிருத்தல் முடியாது. ஆனால் ஆற்றின் வழி மீளக் கட்டப்பட்டதா? யுத்தத்தின் பின் பெருகிய மணல் அகழ்வு கனகராயன் ஆற்றின் கரைகளைத் தின்றது. நட்டஈடோ பதிவேட்டிற் பெயருள்ளவரைத் தேடிச் செல்கிறது. வயலின்றி வயலில் உழைப்பவரின் இழந்த கூலிநாள்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

எனினும் நம்பிக்கைக்கு வரலாற்றில் இடமுண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி உழவர் சங்கமாகத் திரண்டு எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் நியாயமானதே. ஆயினும் உழவரின் குரல் கேட்கப்பட்டது. கடல்நீரை நன்னீராக்கும் மாற்றுவழி தேடப்பட்டது. தாளையடி நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. வறட்சியில் நீர் கேட்டு ஒலித்த அதே குரல், மாரியிற் பாதுகாப்புக் கேட்டும் ஒலிக்க இயலும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கை முழுவதையும் உலுக்கியது. பெருமழைகள் இனி அரிதான விருந்தாளிகள் அல்ல என்பதை அது நினைவூட்டிற்று. ஆகவே முரசுமோட்டையின் மீள்கட்டுமானத்தைச் சுவர்களின் எண்ணிக்கையால் அளத்தல் போதாது. வான் கதவு திறக்குமுன் கடைசிக் குடிசைக்கும் எச்சரிக்கை எட்ட வேண்டும். குளத்து நீர்மட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் தாழ்நில மக்களும் கூலி உழைப்பாளரும் அமர வேண்டும். குடியிருப்பவனுக்கு நிலம் உரிமையாக வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் நாளிலேதான் அவ்வூர் உண்மையில் மீண்டெழுந்ததாகும். அதுவரை ஒவ்வொரு மார்கழி மழையிலும் அம்மக்கள் உறங்காது குளத்துப் பக்கமே செவி சாய்த்திருப்பர்.